இரும்பும் உடலெடையும்: பழைய பயில்வான்களின் வலிமை எங்கிருந்து வந்தது?

1952ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில், உயரம் குறைந்தோருக்கான பிரிவில் பட்டம் வென்றவர் மனோகர் ஐச் என்னும் வங்காளி. அவருடைய உயரம் நான்கடி பதினோரு அங்குலம், அதாவது ஏறத்தாழ 150 சென்டிமீட்டர். இன்றைய வங்கதேசத்தின் கொமில்லா பகுதியில் 1912இல் பிறந்த அவர், பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியபோது மேலதிகாரி ஒருவரை அறைந்ததற்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டார். கருவிகள் எதுவும் இல்லாத அந்தச் சிறையில்தான், சில நாள்களில் பன்னிரண்டு மணி நேரம் வரைகூடப் பயிற்சி செய்து உடலைத் தீவிரமாக வளர்த்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 104 வயது வரை வாழ்ந்து 2016இல் மறைந்த அவரது கதை, உடற்பயிற்சியில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஊக்கம் தருவதற்காக அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் அதற்குள் ஓர் உடலியல் கேள்வி இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பளு என்று சொல்ல ஒன்றுமே இல்லாத இடத்தில் தசை எதைக் கண்டு வளர்கிறது?

தன்மேல் ஏறியிருப்பது இரும்பா, உடலின் எடையா என்று பார்க்கத் தசைக்குக் கண் கிடையாது. அது உணர்வது இழுவிசையை மட்டுமே. ஒவ்வொரு தசையிழைக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் இரு வகைப் புரத நூல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்க, நூல்கள் ஒன்றையொன்று கடந்து சறுக்குகின்றன, தசை சுருங்குகிறது. எதிர்ப்பு வலுவாக இருக்கும்போது நூல்கள் மெதுவாகச் சறுக்கும். அப்போது ஒரே நேரத்தில் பற்றியிருக்கும் தலைகளின் எண்ணிக்கை கூடி, இழை தாங்கும் விசையும் உயர்கிறது. அந்த விசையைச் செல்லுக்குள் உள்ள உணரிகள் வேதிச் செய்தியாக மாற்றி, எம்டிஓஆர் என்னும் புரதக் கூட்டின் வழியாக, புதிய தசைப் புரதங்களை உருவாக்கும் வேலையைத் தூண்டுகின்றன. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் அந்த வேலை கூடுதல் வேகத்தில் தொடர்கிறது.

ஆனால் இழுவிசை எல்லா இழைகளுக்கும் ஒன்றுபோலப் போய்ச் சேர்வதில்லை. தண்டுவடத்திலிருந்தோ மூளைத்தண்டிலிருந்தோ புறப்படும் ஒரு நரம்பணுவும் அது இயக்கும் இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. விழியை அசைக்கும் தசையில் ஓர் அலகுக்குப் பத்து இழைகள் அளவில்தான் இருக்கும். கெண்டைக்கால் தசையிலோ ஆயிரத்துக்கும் மேல் இருக்கலாம். சிறிய அலகுகள் முதலிலும், தேவை கூடக் கூடப் பெரிய அலகுகள் பின்னரும் வேலைக்கு அழைக்கப்படுகின்றன என்பதை அமெரிக்க நரம்பியலாளர் எல்வுட் ஹென்னிமன் 1950களிலும் 60களிலும் நிறுவினார். ஒரு குவளைத் தண்ணீரை எடுக்கும்போது பெரிய அலகுகள் அசைவதே இல்லை. எளிதில் களைத்தாலும் மிகுந்த வலுவைத் தரும் இந்தப் பெரிய அலகுகளை எழுப்ப இரண்டு வழிகள் உண்டு: முதல் முறையிலேயே கனமான பளுவைத் தூக்குவது ஒன்று, குறைந்த பளுவையே திரும்பத் திரும்பத் தூக்கி, சிறிய அலகுகள் ஓயும் வரை போவது மற்றொன்று.

தண்டால் எடுக்கும் ஒருவரின் கடைசி இரண்டு முறைகளை அருகில் நின்று கவனித்தால் இந்த இரண்டாம் வழி கண்ணுக்கே தெரியும். வேகமாக எழ அவர் முயன்றாலும் உடல் மெதுவாகவே எழுகிறது, முழங்கை பாதி நிமிர்ந்த நிலையில் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டதுபோல் நிற்கிறது, தோள்கள் நடுங்குகின்றன. களைத்த அலகுகள் விட்ட இடத்தைப் பெரிய அலகுகள் ஏற்கும்போது, பல அலகுகளின் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து சமனாகாமல் தனித்தனியே வெளிப்படுவதால் வருவதுதான் அந்த நடுக்கம்.

தண்டாலில் எவ்வளவு பளு இருக்கிறது என்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை. வீட்டில் இருக்கும் எடைபார்க்கும் கருவியின் மேல் இரு கைகளையும் ஊன்றித் தண்டால் நிலையில் நின்றால், உடலெடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அது காட்டும். 60 கிலோ எடையுள்ளவர் 40 கிலோவைத் தள்ளுகிறார் என்று பொருள். மார்பைத் தரைக்கு அருகே இறக்கினால் எண் இன்னும் கூடும். முழங்காலை ஊன்றினால் பாதியளவுக்குக் குறையும். பாதங்களை நாற்காலியின் மேல் வைத்தால் முக்கால் பங்கை எட்டும். ஒரு கையை எடுத்துவிட்டால் அத்தனை சுமையும் மற்றொரு தோளுக்கு வந்துசேரும். பார்பெல்லில் தட்டு சேர்ப்பவர் செய்யும் அதே காரியத்தை, உடலெடையில் பயில்பவர் நெம்புகோலின் நீளத்தை மாற்றிச் செய்கிறார்.

அப்படியானால் இரும்பு எதற்கு? கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. இளைஞர்கள் ஒவ்வொருவரின் இரு கால்களுக்கும் வெவ்வேறு முறை ஒதுக்கப்பட்டது: சில கால்கள் உச்ச வலிமையின் 30 விழுக்காட்டுப் பளுவோடும், மற்றவை 80 விழுக்காட்டோடும், இனி முடியாது என்னும் நிலை வரை பத்து வாரங்கள் பயின்றன. செட்டுகளின், அதாவது ஓய்வெடுக்காமல் தொடர்ந்து தூக்கும் சுற்றுகளின், எண்ணிக்கை சமமாக இருந்தபோது தசையின் பருமன் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவில் வளர்ந்தது. ஒரே முறை தூக்கக்கூடிய உச்சப் பளுவோ, கனமாகப் பயின்ற கால்களுக்கே கூடுதலாக உயர்ந்தது. பருமனுக்குக் களைப்பு போதும்; உச்ச வலிமைக்குக் கனம் வேண்டும். புகழ்பெற்ற மல்லர் காமா பயில்வான் நாளுக்கு ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார் என்னும் கதைகளின் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதை நம்பினாலும், அவருடைய வலிமைக்குக் கோதாவில் கனத்த மல்லர்களோடு நாள்தோறும் கட்டிப் புரண்டதைச் சேர்க்காமல் கணக்கு நேராகாது.

கனம் கூடுதலாகத் தருவது எதை? பெரும்பகுதி நரம்பைச் சார்ந்தது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசையின் பருமன் கண்டறியும்படி மாறுவதற்கு முன்பே வலிமை உயர்ந்துவிடுகிறது. இன்னும் வியப்பானது, 1894இல் யேல் பல்கலைக்கழக ஆய்வகத்திலேயே பதிவான ஒன்று: ஒரு கையை மட்டும் பயிற்றுவித்தால், ஓய்வாக இருந்த மற்றொரு கையின் வலிமையும் ஓரளவு கூடுகிறது. அந்தக் கையின் தசையில் ஒன்றும் நடக்கவில்லை. கற்றுக்கொண்டது நரம்பு மண்டலம். கூடுதல் அலகுகளை ஒரே நேரத்தில் அழைக்கவும், விரைவாகத் துடிக்க வைக்கவும், எதிர்த் தசைகளைத் தளர்த்தி வழிவிடவும் அது பழகுகிறது.

அமெரிக்காவின் ஜான் கிரிமெக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பளுதூக்கியவர். 1940, 1941 ஆகிய இரு ஆண்டுகளிலும் மிஸ்டர் அமெரிக்கா பட்டம் பெற்றவர். மேடையில் தசையைக் காட்டும் நேரத்தில் அவர் தலைகீழாகக் கைகளில் நிற்பார். கால்களை இருபுறமும் நீட்டித் தரையோடு அமர்வார். அந்தத் தலைமுறைக்குப் பளுதூக்குதலும் கட்டழகும் உடல்வித்தையும் தனித்தனித் துறைகளாகப் பிரிந்திருக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் இயந்திரத்துக்கு ஒரு தசை என்று பங்கிட்டுப் பயில்வதைவிட அவர்களுடைய முறை நரம்புக்கு வளமான பாடம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவர்களுடைய படங்களைப் பார்த்தால் பயிற்சி செய்யத் தோன்றுகிறது என்று பலரும் சொல்வதை வெறும் மனமயக்கம் என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தின் கட்டழகு வீரர் ரெக் பார்க்கை இதழ்களில் கண்ட ஆஸ்திரியச் சிறுவன் ஆர்னால்டு ஸ்வார்ஸ்னேகர், அவருடைய பயிற்சி முறையையே பின்பற்றத் தொடங்கியதாகப் பின்னாளில் சொன்னார். இத்தகைய தூண்டுதல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்வது. நொடிக்கணக்கில் வேலை செய்யும் தூண்டுதலை 1961இல் இக்காய், ஸ்டெய்ன்ஹவுஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் அளந்தார்கள். முழு வலிமையோடு முழங்கையை மடக்கச் சொல்லி, இடையில் எதிர்பாராத வகையில் துப்பாக்கியை வெடித்தபோதும், மடக்குபவரே உரக்கக் கத்தியபோதும், முந்தைய ‘முழு’ வலிமையைவிடக் கூடுதலான விசை பதிவாயிற்று. நாம் முழு வலிமை என்று நினைப்பதற்கு மேலும் கொஞ்சம் நரம்பின் கட்டுப்பாட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

மீண்டும் மனோகர் ஐச்சிடம் வருவோம். குள்ளமான உடல் அவருக்குப் பாதகமல்ல. தசையின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலின் எடையோ கன அளவைப் பொறுத்தது. அதே உடலமைப்போடு 180 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால், உயரம் 1.2 மடங்கு, வலு 1.44 மடங்கு, எடை ஏறத்தாழ 1.73 மடங்கு. தன் எடையைத் தானே தூக்க வேண்டிய பயிற்சிகளில் குள்ளமானவருக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு அனுகூலம் இருக்கிறது. ஜிம்னாஸ்டிக் வீரர்கள் பெரும்பாலும் உயரம் குறைந்தவர்களாக இருப்பதும் இதனால்தான்.

இந்தப் பயில்வான்களின் நடைமுறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம். சிறுவயதில் வாதக் காய்ச்சலில் விழுந்து, பளுதூக்கித் தேறிய அவர், இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவ மருத்துவராக இருந்தார். முழங்கால் காயத்தோடு வந்த வீரர்களுக்கு லேசான அசைவுகளையே கொடுப்பது அக்கால வழக்கம். அவர் கனமான பளுவைக் கொடுத்து, வாரந்தோறும் ஏற்றி, 1945இல் முடிவுகளை வெளியிட்டார். தொடக்கத்தில் ஏழு முதல் பத்து செட்டுகள் வரை செய்யவைத்தவர், சில ஆண்டுகளில் அது மிகை என்று கண்டு மூன்றாகக் குறைத்தார்: பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற பளுவில் முதலில் பாதி, அடுத்து முக்கால், கடைசியில் முழுவதும். கூடங்களில் இன்றும் புதிதாக வருபவரிடம் ‘பத்துப் பத்தாக மூன்று செட்’ என்று சொல்வது அங்கிருந்து வந்த கணக்கு.