பறித்த கையோடு வாயில் போடுவதற்கு முன்
நான் குழந்தைகள் மருத்துவர். பண்ணைக்குக் குடும்பமாகப் போய், பறித்ததை அங்கேயே சமைத்துச் சாப்பிடும் நாட்களுக்குப் பிள்ளைகளை அவசியம் கூட்டிப்போகச் சொல்வேன். வீட்டில் தக்காளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் பிள்ளை, தானே பறித்ததை இன்னொன்று கேட்டுச் சாப்பிடும்.

ஆனால் போய்வந்த பிள்ளைகளில் சிலரை மூன்று நான்கு நாள் கழித்து வயிற்றுப்போக்கோடு பார்க்கிறேன். "எல்லாம் அப்போதான் பறிச்சது டாக்டர்" என்பார்கள் பெற்றோர். அப்போது பறித்தது என்பதற்காக அது சுத்தமானது என்று ஆகிவிடாது.

நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் அம்மா ஃபோனில் இரண்டு படங்கள் காட்டினார். ஒன்றில் கன்றுக்குட்டி அவள் விரல்களை நக்கிக்கொண்டிருக்கிறது. அடுத்ததில் அதே கையில் பாதி கடித்த வெள்ளரிப் பிஞ்சு. இரண்டுக்கும் நடுவில் சில நிமிடம்தான். மலத்தில் ரத்தம் கலந்து வந்ததால் அழைத்து வந்திருந்தார்கள். பரிசோதனையில் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா தெரிந்தது. சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது அது. நல்லவேளை, அப்படி ஆகாமல் தப்பித்தாள்.

இந்தக் கிருமி ஆரோக்கியமான மாட்டின் குடலிலும் இருக்கும். மாட்டுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. மனிதரை நோயாக்க மிகச் சிறிய அளவே போதும். 2009-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு பண்ணைக்குப் போய்வந்தவர்களை மையமாக வைத்து 93 பேருக்கு இது பரவியது. அதில் பெரும்பாலானோர் சிறு பிள்ளைகள்.

அதனால் ஏற்பாடு செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கை கழுவும் இடம் எங்கே என்பதைத்தான். கால்நடைகள் இருக்கும் பக்கத்துக்கும் சமையல் நடக்கும் பக்கத்துக்கும் நடுவில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், குழாய் வைத்த ஒரு டிரம், சோப்பு. அவ்வளவு போதும். எல்லோரும் ஒரே வாளிக்குள் கையை விடுவது கழுவுவது ஆகாது. மண்ணும் சாணமும் ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். சின்னவர்களுக்குப் பெரியவர்கள்தான் கூட நின்று கழுவிவிட வேண்டும்.

அப்புறம் காய்கள். மண்ணை உதறி, ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகே நறுக்குங்கள். தோலில் இருப்பதைக் கத்தி உள்ளே கொண்டுபோய்விடும். இலைகளை எவ்வளவு அலசினாலும் கிருமி முழுதாகப் போகாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்குக் கீரையை வேகவைத்தே கொடுங்கள். இறைச்சி வெட்டிய பலகையில் சாலட் நறுக்க வேண்டாம். வெள்ளரி, சுரைக்காயை ஒரு துண்டு ருசி பாருங்கள். வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் சமைக்காமல் தூக்கிப்போடுங்கள், அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. கறந்த பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சமைத்தது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கிடந்தால் கிருமி வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளுக்கென்று மூடி வைப்பது வழக்கம். அதைவிட, அவர்கள் வந்த பிறகு இரண்டாவது முறை அடுப்பைப் பற்றவைப்பது நல்லது.

வீடு திரும்பி பத்து நாளுக்குள் வயிற்றுப்போக்கில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். போக்கை நிறுத்தும் மருந்தையோ ஆன்டிபயாடிக்கையோ நீங்களாகக் கொடுக்க வேண்டாம். போக்கு குறைந்த பிறகும் ஒரு வாரம் கவனியுங்கள்: பிள்ளை வெளிறிப்போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, துவண்டு கிடந்தாலோ காத்திருக்காதீர்கள். பண்ணைக்குப் போனதை மறக்காமல் சொல்லுங்கள். மலத்தில் எதைத் தேடச் சொல்லி அனுப்புவது என்று அதை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்கிறோம்.