பெட்டி பச்சை, மூக்கு எரிச்சல்

எண்ணூரில் எங்கள் மொட்டை மாடியில் காற்றுத்தரம் காட்டும் சின்னப் பெட்டிகள் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்தேன். ஒன்று 24 என்றால் மற்றது 25. ஒரு வாரமாகியும் இரண்டும் பிரியவில்லை. எனக்கு ஒரே பெருமை. துணி காயப்போட வந்த கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, பெட்டி பச்சையா காட்டுது? எனக்கு மூக்கு எரியுதே!"

பெட்டியும் பொய் சொல்லவில்லை, அக்காவும் பொய் சொல்லவில்லை. மறுபடி அளந்தாலும் அதே விடை வருமா என்பது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது ஏற்புடைமை. நான் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதும் கிடைத்ததாக நினைத்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுக்கும். லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறும். சிதறிய ஒளியை வைத்து 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள் எவ்வளவு என்று பெட்டி கணக்குப் போடும். எடை போடுவதில்லை, ஊகிக்கிறது. கடற்காற்றில் ஈரம் ஏறினால் உப்புத் துகள் நீரை உறிஞ்சி ஊதும், ஒளி கூடுதலாகச் சிதறும், எண்ணும் ஏறும். ஒரே மாடல் என்பதால் இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி தப்பும். வடிதாளில் தூசியைப் பிடித்து எடை போடும் முறையோடு ஒப்பிட்டால் இந்தப் பிழையைத் திருத்திவிடலாம்.

அக்காவின் புகார் அப்போதும் தீராது. மூக்கை எரிப்பது பெரும்பாலும் வாயு; இந்த லேசருக்கு வாயு தெரியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு இதே எண்ணூரில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியாவை இது நேரடியாகக் கண்டுபிடித்திருக்காது. அரசின் காற்றுத்தரக் குறியீட்டின் 8 மாசுகளில் அமோனியா உண்டு. ஆனால் மூன்று மாசுகளின் அளவு இருந்தாலே, அதில் ஒன்று துகளாக இருந்தால், அமோனியாவை அளக்காமலே குறியீடு போட்டுவிடலாம். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அந்த எட்டிலேயே இல்லை.

அப்படியானால் மூக்கையே கருவியாக்கலாமா? நாற்றத்தை அளக்க அதைவிடப் பொருத்தமானது இல்லை, நிலையாகத்தான் இருக்காது. சளி பிடித்தால் போச்சு. கொஞ்ச நேரத்தில் நாற்றம் பழகிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு மிக அதிகமானால் மோப்பமே மரத்துப்போகும், அதுதான் பயங்கரம்.

அதனால் இரண்டு வீட்டில் தனித்தனி நோட்டு போட்டோம்: நாற்றம் உண்டா, இல்லையா. இதிலும் ஒரு பொறி. இருவருமே பத்தில் ஒன்பது நாள் கண்ணை மூடிக்கொண்டு 'உண்டு' என்று எழுதினாலும் தற்செயலாகவே 82 சதவீதம் (இருவரும் 'உண்டு' 81, இருவரும் 'இல்லை' 1) ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கத்தான் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960இல் கப்பா என்ற அளவைக் கொடுத்தார்.

நோட்டை வாங்கிப் பார்த்த அக்கா கேட்டார்: "நாத்தமும் எரிச்சலும் ஒண்ணா? நாறாமலே எரியும்ப்பா." பேனாவை எடுத்து அவரே இன்னொரு கோடு போட்டார்.