ஸ்போர்ட்ஸ் காரின் சக்கர, டயர் அளவை மாற்றலாமா? சட்டம் விடும் இடமும் விடாத இடமும்

ஸ்போர்ட்ஸ் காரின் சக்கர அளவை மாற்றலாமா என்று டயர் கடையில் கேட்டால், மொத்த விட்டம் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறாதவரை சட்டப்படி தவறில்லை என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இலோ அதன்கீழ் இயற்றப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இலோ அப்படியொரு சலுகை இல்லை. மூன்று சதவீதம் என்பது தொழிலில் இருப்பவர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் ஓர் எல்லை. சட்டம் பார்ப்பது வேறொன்றை: அந்த வாகனத்துக்கு அதன் தயாரிப்பாளர் முதலில் வகுத்த விவரக்குறிப்பு என்ன, இப்போது வாகனம் அதன்படி இருக்கிறதா என்பதையே.

சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் எவரும் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்த வடிவம் பெற்ற அப்பிரிவில், வாகனத்தின் கட்டமைப்பில் செய்யப்பட்டு அதன் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் மாறுதல்தான் ‘மாற்றியமைத்தல்’ என்ற விளக்கமும் உண்டு. கேரள உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று இதைத் தளர்வாகப் பொருள்கொண்டு மாற்றங்களுக்கு இடமளித்திருந்தது. அந்தத் தீர்ப்பை 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் ரத்து செய்து, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணாக வாகனத்தை மாற்ற முடியாது என்று தெளிவுபடுத்தினர். அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் பழைய 182அ பிரிவை நீக்கி, அந்த இடத்தில் புதிய 182அ பிரிவை வைத்தது. சட்டமோ விதிகளோ அனுமதிக்காத முறையில், பின்னர் பொருத்தும் உதிரிபாகங்கள் வழியாகச் செய்வது உட்பட, வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதன் நான்காம் உட்பிரிவு வழிசெய்கிறது. நான்கு சக்கரங்களை மாற்றினால் அது ஒரு மாற்றமா, நான்கு மாற்றங்களா என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக் காரின் ஆர்.சி.யில் பொதுவாக டயர் அளவு அச்சாவதில்லை. டயரின் எண்ணிக்கை, அளவு போன்றவை பேருந்து, லாரி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குக் கேட்கப்படும் கூடுதல் விவரங்கள். ஆகவே, ஆர்.சி.யில் இல்லாத ஒன்றை மாற்றினால் 52-ஆம் பிரிவு எப்படிப் பொருந்தும் என்று வாதிட இடம் உண்டுதான். ஆனால் 2019-க்குப் பிறகு அந்த வாதத்தை மட்டும் நம்பிப் பணத்தைச் செலவழிப்பது விவேகமல்ல என்பது என் கருத்து. உச்ச நீதிமன்றம் அழுத்தம் கொடுத்தது தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு. 182அ பிரிவோ ஆர்.சி.யைப் பற்றிப் பேசாமல் அனுமதியற்ற மாற்றத்தைப் பற்றியே பேசுகிறது.

தயாரிப்பாளரின் விவரக்குறிப்பு என்பது எப்போதும் ஒரே ஓர் அளவைக் குறிப்பதில்லை. உரிமையாளருக்குக் கிடைக்கும் இடம் இதுதான். போர்ஷே 911 காரின் 992 தலைமுறையை எடுத்துக்கொள்வோம். அடிப்படைக் கரேரா முன்னால் 235/40 ஆர்19, பின்னால் 295/35 ஆர்20 டயர்களோடு வந்தது. (முதல் எண் மி.மீ.யில் டயரின் அகலம்; அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; ‘ஆர்’ எழுத்துக்குப் பின் வருவது இன்ச்சில் ரிம்மின் விட்டம்.) கரேரா எஸ் முன்னால் 245/35 ஆர்20, பின்னால் 305/30 ஆர்21 டயர்களோடு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், முன் சக்கரத்தின் மொத்த விட்டம் 670.6 மி.மீ.யிலிருந்து 679.5 மி.மீ. ஆகிறது, பின் சக்கரம் 714.5 மி.மீ.யிலிருந்து 716.4 மி.மீ. ஆகிறது. ரிம் ஒரு இன்ச் கூடினாலும் பக்கச்சுவர் குறைந்து அதைச் சரிக்கட்டிவிடுவதால், சக்கரத்தின் உருளும் அளவு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. உங்கள் மாடலுக்கும் வேரியன்டுக்கும் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட அளவுகளின் பட்டியலில் இத்தகைய இணை இருந்தால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது மூல விவரக்குறிப்பை மீறுவதாகாது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள சீட்டிலும் உரிமையாளர் கையேட்டிலும் அளவுகள் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம், வாகனத்தின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது நல்லது. ஒரே பெயருள்ள காராக இருந்தாலும் வேரியன்டுக்கு வேரியன்ட் பட்டியல் மாறும் என்பதால் நண்பரின் கார் இதற்கு ஆதாரமாகாது.

மூன்று சதவீதக் கணக்கு ஏன் போதாது என்பதை நிஸான் ஜிடி-ஆர் காட்டுகிறது. அந்தக் காரின் முன் டயர் 255/40 ஆர்20, பின் டயர் 285/35 ஆர்20. முன் சக்கரத்தின் விட்டம் 712 மி.மீ., பின் சக்கரத்தின் விட்டம் 707.5 மி.மீ.; அதாவது இடைவெளி 4.5 மி.மீ. மட்டுமே. இன்னும் அகலமான டயர் வேண்டும் என்று ஒருவர் பின்னால் மட்டும் 305/30 ஆர்20 போட்டால் பின் விட்டம் 691 மி.மீ. ஆகிவிடும். மாற்றம் 2.3 சதவீதம்தான், எனவே கைக்கணக்கில் தேறிவிடும். ஆனால் முன், பின் விட்டங்களின் இடைவெளி 21 மி.மீ. ஆகிவிட்டது. நேர்ச்சாலையிலும் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட வேகமாகச் சுழலும். தேவைப்படும்போது மட்டும் முன் அச்சுக்கு விசையை அனுப்பும் அந்தக் காரின் கட்டுப்பாட்டுக் கருவி இதைப் பின் சக்கரம் வழுக்குவதாகப் புரிந்துகொண்டு கிளட்சை அழுத்தத் தொடங்கும். கிளட்ச் சூடேறித் தேயும். நான்கு சக்கர இயக்கமுள்ள எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பழைய டயர்கள் இரண்டையும் புதியவை இரண்டையும் கலந்து போடுவதில்கூடத் தயாரிப்பாளர்கள் இதனால்தான் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

அளவு பொருந்தினாலும் டயரின் பக்கவாட்டில் உள்ள பாரக் குறியீடும் வேகக் குறியீடும் மூல டயரைவிடக் குறையக் கூடாது. பாரக் குறியீடு 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 96 என்றால் 710 கிலோ. பக்கச்சுவர் குறையும்போது உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவும் குறைவதால், மலிவான குறும்பக்க டயர்களில் இந்த எண் சத்தமில்லாமல் இறங்கிவிடுவதுண்டு. வேகத்தில், ‘வி’ என்பது மணிக்கு 240 கி.மீ., ‘டபிள்யூ’ 270, ‘ஒய்’ 300. நம் சாலைகளில் யார் 300-இல் போகப்போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த எழுத்து, உயர்வேகத்தில் உண்டாகும் சூட்டை டயரின் உடல் எவ்வளவு தாங்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. போர்ஷே ஒப்புக்கொண்ட டயர்களில் ‘என்’ என்ற எழுத்தும் அதையடுத்து ஓர் எண்ணும் இருக்கும். வாரண்டி பற்றிய பேச்சு வரும்போது சர்வீஸ் மையம் முதலில் தேடுவது அதைத்தான்.

ரிம்மைப் பொறுத்தவரை விட்டத்தைவிட ஆஃப்செட்தான், அதாவது காரோடு பூட்டப்படும் முகப்பு ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவுதான், பெரும்பாலும் தகராறு தருகிறது. ஆஃப்செட் குறைந்தாலோ, ரிம்முக்கும் அச்சுக்கும் இடையே ஸ்பேசர் என்ற தகட்டைச் செருகினாலோ சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வீல் பேரிங்கின் சுமை கூடும், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். மட்கார்டைத் தாண்டி நீட்டிய டயர்தான் வாகனச் சோதனையில் கண்ணுக்கு முதலில் படும் மாற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எதிர்த்திசையில், நம் சாலைக்குச் சிறிய ரிம் நல்லது என்று இறங்க நினைப்பவர்களைப் பிரேக் தடுத்துவிடும். 992 கரேராவின் செராமிக் முன் பிரேக் வட்டே 410 மி.மீ., அதாவது 16 இன்ச்சுக்கு மேல். அதன்மேல், வட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் உட்கார வேண்டும்.

பலர் கவனிக்காத விதி ஒன்று ஸ்டெப்னி பற்றியது. டயர் பழுதுபார்க்கும் கருவியும் காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பும் இருந்தால், 3.5 டன்னுக்கு உட்பட்ட கார்களில் மாற்று டயர் வைத்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. ஸ்பேர் டயரே இல்லாமல் வரும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இந்த விலக்கு முக்கியம். வெளியே வாங்கிய ரிம்மில் அழுத்த சென்சாரைப் பொருத்தாமல் விட்டால், எச்சரிக்கை விளக்கு எரிவதோடு, விலக்குக்கு அடிப்படையான நிபந்தனையும் போய்விடுகிறது.

உண்மையில் அளவை மாற்றத் தூண்டுவது எல்லா நேரமும் அழகு ஆசை அல்ல. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் 2020 ஜூன் 12 அன்று புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்பாடுள்ள பட்டியலில் சேர்த்து, உரிமம் பெற்றே கொண்டுவர வேண்டும் என்றாக்கியது. டயர்களுக்கான 2009-ஆம் ஆண்டுத் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும். அபூர்வமான அளவு கையிருப்பில் இல்லாதபோது, பக்கத்து அளவைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். காத்திருப்பதே சரி. காரின் டயரில் பட்டன் ஆழம் (மேற்பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம்) 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று விதி 94 சொல்வதால், தேய்மானக் காட்டி தெரியும்வரை ஓட்டாமல் சில மாதங்கள் முன்பே ஆர்டர் கொடுத்துவிடலாம். இருங்காட்டுக்கோட்டை பந்தய ஓடுதளத்திலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ஓட்டுவதற்காக அகலமான டயர் வேண்டுமென்றால், அதைத் தனி ரிம்களில் பூட்டி வைத்து அங்கே போய் மாற்றிக்கொள்வதும், வீட்டுக்குத் திரும்பும் முன் மூலச் சக்கரங்களைப் போடுவதும்தான் பாதுகாப்பான வழி.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைப் பாலிசி புதுப்பிக்கும்வரை தள்ளிப்போடாமல் எழுத்தில் தெரிவித்து, ரிம்மின் விலையைக் காரின் அறிவிக்கப்பட்ட மதிப்போடு துணைப்பொருளாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். இல்லையேல் இழப்பீடு மூலச் சக்கரத்தின் விலைக்கே கணக்கிடப்படலாம். வழக்கமான தனியார் கார் பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் எதுவும் கிடைக்காது; காரும் சேர்ந்து சேதமானால் மாற்றுச் செலவில் பாதிவரைதான் தருவார்கள். ரிம், டயர் இரண்டின் ரசீதுகளையும், விற்பனையாளர் தந்த அளவு உறுதிக் கடிதத்தையும் காரிலேயே வைத்திருங்கள். கழற்றிய மூலச் சக்கரங்களை விற்காமல் வைத்திருந்தால் ஆர்.டி.ஓ. சோதனையில் ஆட்சேபம் வந்தாலும், காரை விற்க நேர்ந்தாலும் ஒரு மணி நேர வேலையில் பழையபடி பூட்டிவிடலாம்.