ஃப்ளைட்: ஏசு, ஏசல்

‘ஃப்ளைட்’ என்று கேட்டவுடன் விமானம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வட பகுதிகளிலும் வழங்கிய ‘ஃப்ளைட்’ (flyte) என்னும் பழஞ்சொல்லுக்கும் பறப்பதற்கும் எந்த உறவும் இல்லை. உரக்கத் திட்டுவது, வாய்ச்சண்டை போடுவது என்பதே அதன் பொருள்.

பழைய ஆங்கிலத்தின் ‘ஃப்லீட்டன்’ இதன் வேர். போட்டியிடுதல், மல்லுக்கு நிற்றல் என்று பொருள். ஜெர்மன் மொழியில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘ஃப்லைஸ்’ விடாமுயற்சியைக் குறிக்கிறது. முனைந்து நிற்பது அங்கே உழைப்பாயிற்று, இங்கே வசவாயிற்று. திட்டுவதற்கு ஒருவர் போதும், போட்டிக்கு இருவர் வேண்டும். அந்த எதிராளியை இச்சொல் கைவிடவே இல்லை.

‘ஃப்ளைட்டிங்’ என்னும் கவிதைப் போட்டியைப் பார்த்தால் இது விளங்கும். 1500ஆம் ஆண்டையொட்டி, ஸ்காட்லாந்தை நான்காம் ஜேம்ஸ் ஆண்ட காலத்தில், வில்லியம் டன்பாரும் வால்டர் கென்னடியும் ஒருவரையொருவர் பாட்டாலேயே கிழித்தெடுத்தார்கள். பிறப்பு, தோற்றம், வறுமை எதையும் விட்டுவைக்கவில்லை. கென்னடி, ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான ‘கேலிக்’ (Gaelic) வழங்கிய காரிக் பகுதிக்காரர். அம்மொழியை டன்பார் இழித்துப் பாட, உண்மையான ஸ்காட்லாந்துக்காரர் எல்லோருக்கும் உரிய மொழி அதுவே என்று கென்னடி திருப்பியடித்தார். வசையின் நடுவே மொழிப்பற்று பொங்கும் அந்த இடத்துக்காகவே அதைப் படிக்கலாம்.

புலவர்களுக்குக் கலையாக இருந்தது தெருவில் குற்றமானது. ஓயாமல் ஏசுகிறாள் என்று பெயரெடுத்த பெண்ணின் தலையில் ‘பிராங்க்ஸ்’ என்ற இரும்புச் சட்டகத்தை மாட்டினார்கள். அதன் தகடு நாக்கை அழுத்திப் பேசவிடாமல் செய்யும். ஆண்களின் வசைக்குக் கைதட்டிய சமூகம் பெண்ணின் வாய்க்குப் பூட்டுப் போட்டது பெருங்கொடுமை.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘கண்டித்தல்’ பொருந்தாது, அதில் அதிகாரத்தின் நிதானம் இருக்கிறது. ‘கடிந்துகொள்ளுதல்’ பெரியவர் சிறியவருக்குச் சொல்வது. ‘திட்டுதல்’ பொருளளவில் சரி, ஆனால் எதிர்வாய் அதில் இல்லை. நெல்லையிலும் குமரியிலும் ஈழத்திலும் இன்றும் பேச்சில் உள்ள ‘ஏசு’ என்பதே என் தேர்வு. அதிலிருந்து பிறந்த ‘ஏசல்’ ஓர் இலக்கிய வகையின் பெயரும்கூட. இருவர் மாறி மாறிப் பழித்துப் பாடுவது. உழவர் வாழ்வைப் பாடும் பள்ளு நூல்களில், பள்ளன் ஒருவனின் இரு மனைவியரான மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் செய்வது அதைத்தான். முக்கூடற்பள்ளில் அவர்கள் ஒருவர் தெய்வத்தை மற்றவர் வம்புக்கிழுப்பதைப் படித்தவர்களுக்கு டன்பாரும் கென்னடியும் அந்நியராகத் தோன்றமாட்டார்கள். ஆகவே வினைக்கு ‘ஏசு’, கவிதைப் போட்டிக்கு ‘ஏசல்’.