வீட்டு சர்வரில் படம் திக்குவது எதனால்?

படங்களைச் சேமித்து வைத்து, வீட்டு நெட்வொர்க் வழியாக டிவிக்கு அனுப்பும் கணினிதான் வீட்டு சர்வர். அதிலிருந்து லேப்டாப்பில் தடங்கலே இல்லாமல் ஓடும் படம், டிவியில் போட்டால் நின்று நின்று வருகிறது. இன்னொரு படத்தில் காட்சி தெரிகிறது, சத்தத்தைக் காணோம். பழி உடனே வைஃபை மேல் விழும், அடுத்து டிவி மேல். புது ரவுட்டர் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கோப்பை உள்விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை திறந்து பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கோப்புப் பெயரின் வாலில் இருக்கும் எம்கேவி, எம்பி4 எல்லாம் பெட்டியின் பெயர் மட்டும்தான். பெட்டிக்குள் ஒரு வீடியோ தடம், ஒன்றோ நான்கோ ஆடியோ தடங்கள், சப்டைட்டில்கள் எனத் தனித்தனியாக அடுக்கியிருக்கும். வீடியோ எச்.264 ஆக இருக்கலாம், எச்.265 ஆக இருக்கலாம், ஏவி1 ஆகவும் இருக்கலாம். இவை வீடியோவைச் சுருக்கும் முறைகள், கோடெக் என்பார்கள். ‘எம்கேவி ஓடும்’ என்று டிவியின் கையேட்டில் போட்டிருந்தால், அதற்குப் பெட்டியைத் திறக்கத் தெரியும் என்று மட்டுமே பொருள்.

இத்தனை கோடெக்குகள் எதற்கு என்பது ஒரு சின்னக் கணக்கில் விளங்கிவிடும். வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள், அதாவது பிரேம்கள். ஃபுல் எச்டி பிரேம் ஒன்றில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது சுமார் 20.7 லட்சம். புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 24 பிரேம் என்று வைத்தால் நொடிக்கு 149 மெகாபைட். இரண்டு மணி நேரப் படத்துக்கு ஒரு டெராபைட்டுக்கு மேல் போகிறது. அதே படத்தை எச்.264 கோடெக்கில் நொடிக்கு 8 மெகாபிட் என்ற பிட்ரேட்டில் சுருக்கினால் 7.2 ஜிகாபைட்டில் அடங்கிவிடும். ஏறக்குறைய நூற்றைம்பதில் ஒரு பங்கு.

இந்தச் சுருக்கத்தில் பெரும்பகுதி, ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் உள்ள ஒற்றுமையிலிருந்து வருகிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு முழு பிரேம் சேமிக்கப்படும். இடையில் வருபவற்றுக்கு, எந்தப் பகுதி எங்கே நகர்ந்தது, மிச்சம் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். ஒருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்குக் கொஞ்சம் பிட்டுகளே போதும். கொட்டும் மழை, அலை, பெருங்கூட்டம் என்றால் எல்லாப் புள்ளியும் மாறிக்கொண்டே இருப்பதால் பிட்ரேட் எகிறும். சராசரி 8 மெகாபிட் என்று காட்டும் கோப்பு இப்படிப்பட்ட இடங்களில் 20, 30 வரை போகும். முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடிய படம் சண்டைக் காட்சியில் மட்டும் நிற்பது இதனால்தான்.

இனி சர்வர். ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற சர்வர் மென்பொருள்கள் ஒரு கோப்பை டிவிக்கு மூன்று விதமாக அனுப்பும். டிவிக்கு எல்லாம் புரியும் என்றால் கோப்பை அப்படியே அனுப்பிவிடும். இது டைரக்ட் பிளே. தடங்கள் புரியும், பெட்டிதான் பிடிக்கவில்லை என்றால், பெட்டியை மட்டும் மாற்றி அனுப்பும்; இதிலும் சர்வருக்கு வேலை குறைவு. தடமே புரியாவிட்டால் ஒவ்வொரு பிரேமையும் பிரித்து, புதிதாகச் சுருக்கி அனுப்ப வேண்டும். இதுதான் டிரான்ஸ்கோடிங். பழைய கணினியிலோ மலிவான நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புக் கருவி) பெட்டியிலோ 4கே படத்தை டிரான்ஸ்கோட் செய்யச் சொன்னால் பிராசசர் நூறு சதவீதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், படம் திக்கும். இன்டெல் பிராசசர்களில் உள்ள குயிக் சிங்க் போன்ற வன்பொருள் வசதி இருந்தால், அதை சர்வரின் அமைப்பில் தேடிப்பிடித்து ஆன் செய்யுங்கள், வித்தியாசம் பெரியது. ஆனாலும் டிரான்ஸ்கோடிங் நடக்காமல் பார்த்துக்கொள்வதே மேல், ஏனென்றால் வேகம் கிடைத்தாலும் தரம் ஒரு படி இறங்கியே தீரும்.

படம் திக்கும்போது சர்வரின் டேஷ்போர்டைத் திறந்து எந்த விதத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். டிரான்ஸ்கோட் என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டியவை நான்கு. முதலாவது, யாரும் எதிர்பார்க்காத சப்டைட்டில். புளூரேயிலிருந்து எடுத்த சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். அதைத் தனியாகக் காட்டத் தெரியாத டிவிக்கு, சர்வர் ஒவ்வொரு பிரேமிலும் அதைப் பதித்து அனுப்பும். அதற்காக முழு வீடியோவையும் டிரான்ஸ்கோட் செய்யும். சப்டைட்டிலை அணைத்ததும் படம் சீராக ஓடினால் குற்றவாளி அதுதான். எழுத்து வடிவ எஸ்ஆர்டி கோப்பு ஒன்றைப் படத்தின் பக்கத்தில் அதே பெயரில் வைத்தால் தீர்ந்தது. அதை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வரும்.

இரண்டாவது, ஆப்பில் உள்ள தர அமைப்பு. வீட்டுக்குள் பார்ப்பதற்கு ‘அதிகபட்சம்’ என்று வைக்காவிட்டால், சர்வர் வேண்டாத இடத்திலும் தரத்தைக் குறைத்து அனுப்பும். மூன்றாவது, 10 பிட் எச்.264, அதாவது ஒவ்வொரு நிற மதிப்புக்கும் வழக்கமான 8 பிட்டுக்குப் பதில் 10 பிட் உள்ள வீடியோ. 10 பிட் எச்.265 கோப்பை இன்றைய 4கே டிவிகள் சாதாரணமாக ஓட்டும். 10 பிட் எச்.264 கோப்பை ஓட்டும் சிப் டிவிகளில் கிடையாது என்றே சொல்லலாம். இப்படிப்பட்ட கோப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஒருமுறை மாற்றி வைத்துவிடுவதுதான் வழி. அதில் தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண், ஃபுல் எச்டிக்கு 20 முதல் 24 வரை போதும். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும்.

நான்காவது ஆடியோ. சத்தமே வராத படங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான்: உள்ளே இருப்பது டிடிஎஸ் என்ற ஆடியோ கோடெக்கில் உள்ள தடம், டிவியில் டிடிஎஸ் கிடையாது. சர்வர் இருந்தால் அது ஆடியோவை மாற்றி அனுப்பும். பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டினால் ஊமைப்படம்தான். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைக் கொண்டு, வீடியோவைத் தொடாமல் ஆடியோவை மட்டும் ஏசி3 என்ற ஆடியோ கோடெக்குக்கு, 640 கிலோபிட்டில் மாற்றிக்கொள்ளலாம். வீடியோ தடம் அப்படியே நகலாவதால் சில நிமிடங்களில் வேலை முடியும், படத்தின் தரம் இம்மியும் குறையாது. முழுப் படத்தையும் ஹேண்ட்பிரேக்கில் போட்டு இரவெல்லாம் ஓட விடுவது வீண் வேலை.

டேஷ்போர்டு டைரக்ட் பிளே என்று காட்டியும் திக்குகிறது என்றால், அப்போதுதான் நெட்வொர்க்கைக் குறை சொல்லலாம். சர்வரும் வைஃபை, டிவியும் வைஃபை என்றால் ஒவ்வொரு பிட்டும் காற்றில் இரண்டு முறை போகிறது: சர்வரிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து டிவிக்கு. கொள்ளளவு பாதியாகிவிடும். சர்வரைக் கேபிளில் இணைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை முடிந்துவிடும். டிவிக்கும் கேபிள் இழுக்கலாமே என்று தோன்றும். அங்கே ஒரு சிக்கல்: ஏராளமான டிவிகளில், விலை உயர்ந்தவற்றிலும்கூட, கேபிள் துளையின் வேகம் 100 மெகாபிட்தான், கைக்கு வருவது 94 அளவில். அல்ட்ரா எச்டி டிஸ்க்கிலிருந்து குறைக்காமல் எடுத்த கோப்பு சில நொடிகளுக்கு 100 மெகாபிட்டைத் தாண்டும். அத்தகைய டிவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

இன்னொரு வகைத் திக்கல் உண்டு. அது நெட்வொர்க்கோடு சம்பந்தப்பட்டதே இல்லை. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது மட்டும் காட்சி சின்னச் சின்னதாக வெட்டி வெட்டி நகரும். படம் நொடிக்கு 24 பிரேம், டிவித் திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கிறது. 60ஐ 24 ஆல் வகுத்தால் இரண்டரை. அரை முறை காட்ட முடியாது என்பதால் ஒரு பிரேம் 3 முறையும் அடுத்தது 2 முறையும் காட்டப்படுகிறது, அதாவது 50 மில்லிநொடி, பிறகு 33, மறுபடியும் 50. இந்த ஏற்ற இறக்கத்தைக் கண் பிடித்துவிடுகிறது. பிளேயரின் அமைப்பில் ‘பிரேம் ரேட்டைப் பொருத்து’ என்ற வசதியை ஆன் செய்தால் டிவி 24க்கு இறங்கிவிடும். படம் தொடங்கும்போது திரை ஓரிரு நொடி கறுப்பாகும், அவ்வளவுதான்.

பாட்டு விஷயம் இதைவிட எளிது. சிடியின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல்: நொடிக்கு 1,411 கிலோபிட். ஃபிளாக் என்ற ஆடியோ கோடெக் இதை ஒரு பிட்கூட இழக்காமல் பாதியை ஒட்டிய அளவுக்குச் சுருக்கும். எம்பி3, ஏஏசி இரண்டும் காதுக்கு எட்டாது என்று கணிக்கும் பகுதிகளைத் தூக்கி எறிகின்றன, எறிந்தது திரும்பாது. எனவே சொந்த சிடிகளை ஃபிளாக்காக எடுத்து மூலமாக வைத்துக்கொண்டு, போனுக்கு வேண்டியதை அதிலிருந்து ஏஏசியாக மாற்றிக்கொள்வதே சரியான முறை. 320 எம்பி3யை ஃபிளாக் ஆக்கினால் கோப்பின் அளவு கூடும், ஒலியின் தரம் கூடாது. அப்படிச் செய்த போலி ஃபிளாக்குகளும் உலவுகின்றன. ஒலியின் அதிர்வெண்களை நிறங்களாகக் காட்டும் ஸ்பெக் என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள்: 128 கிலோபிட் எம்பி3யிலிருந்து வந்த பாட்டென்றால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் அறுத்ததுபோல் நிறம் நின்றுவிடும்.

ஒரு பாட்டு மெதுவாகவும் அடுத்தது அலறலாகவும் வந்தால் ரீப்ளேகெயின் வசதியைப் பயன்படுத்துங்கள். அது ஒலியைத் திருத்தாது. ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு சத்தம் என்று அளந்து, குறிப்பை மட்டும் கோப்பில் எழுதும். பிளேயர் அதைப் படித்து வால்யூமை ஏற்றி இறக்கும்.

சேமிப்பில் அடிக்கடி காலை வாருவது ஃபேட்32 என்ற டிஸ்க் ஃபார்மேட். இந்த முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள், மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதை நினைவில் வைத்து. கோப்புப் பெயரில் படத்தின் பெயரோடு வெளிவந்த ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டால் சர்வர் அதே பெயருள்ள வேறு படத்தின் போஸ்டரை ஒட்டாது.

இரண்டு டிஸ்க்கை, ஒரே தகவலை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 முறையில் இணைத்துவிட்டால் பேக்கப் ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும். தவறிப்போய் ஒரு ஃபோல்டரை அழித்தால், அது இரண்டு டிஸ்க்கிலிருந்தும் அதே நொடியில் அழியும். திரும்பக் கிடைக்காத பாடல்களையும் வீட்டு வீடியோக்களையும் தனி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, இணைப்பைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். கடையில் மறுபடி வாங்கக்கூடிய படங்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை.