பறந்து முட்டிய கோல்: பெப் பாக்ஹௌஸும் கொஞ்சம் இயற்பியலும்

நெதர்லாந்து கால்பந்து என்றால் நமக்கு கிரைஃப், வான் பாஸ்டன், பெர்க்கேம்ப் என்றுதான் வரிசை போகும். கிரைஃப் நாட்டுக்காக 48 ஆட்டங்களில் 33 கோல் போட்டார். வான் பாஸ்டன் 58-இல் 24. பெர்க்கேம்ப் 79-இல் 37. இவர்கள் பிறப்பதற்கு முன்பே, இரண்டு உலகப் போர்களுக்கு இடையில், ஒருவர் 23 ஆட்டங்களில் 28 கோல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெயர் பெப் பாக்ஹௌஸ். 1909-இல் ஜாவா தீவின் பெக்கலோங்கானில் பிறந்தவர்; அன்று அது டச்சுக் காலனி. 1928-இல் தேசிய அணிக்குள் வந்தார், கடைசி ஆட்டம் 1937-இல்.

அந்தக் காலத்தில் எல்லோரும்தான் கோலாகக் குவித்தார்கள் என்று ஒரு ஆட்சேபம் வரும். பாதி நியாயம்தான். 1925-இல் ஆஃப்சைடு விதி மாறியது. முன்னே நிற்பவருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது இரண்டு பேர் போதும் என்றானது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 1924-25 பருவத்தில் 1,192 கோல்; அடுத்த பருவத்தில் 1,703. எவர்ட்டன் கிளப்பின் டிக்ஸி டீன் ஒரே லீக் பருவத்தில் 60 கோல் போட்டதும் அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான். ஆனால் இந்த விதி எல்லா முன்கள வீரர்களுக்கும் பொதுவானது. பாக்ஹௌஸின் கணக்கை மட்டும் இதை வைத்து முடித்துவிட முடியாது.

அவரை டச்சுக்காரர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. உடம்பைத் தரைக்கு இணையாக எறிந்து தலையால் போடும் கோலுக்கு, அதாவது டைவிங் ஹெட்டருக்கு, அங்கே அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 1934 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் பெல்ஜியத்தை 9-3 என்று நொறுக்கிய ஆட்டத்தில் அவர் அப்படி அடித்த கோல்தான் அந்தப் பெயரை நிலைக்க வைத்தது. பார்வைக்கு வீரசாகசம் மாதிரி இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் அதைவிட உருப்படியான வேறு வழி ஒருவருக்கும் இல்லை என்று தெரிகிறது.

முதலில் உயரம். விங்கிலிருந்து, அதாவது மைதானத்தின் ஓரத்திலிருந்து, கோலுக்கு முன்னால் அனுப்பும் பந்து (கிராஸ்) தரையோடு வந்தால் காலால் தட்டிவிடலாம், தலைக்கு மேலே வந்தால் எம்பி முட்டலாம். இடுப்பு உயரத்தில், அதுவும் ஓடுகிறவருக்கு ஒன்றரை இரண்டு மீட்டர் முன்னால் கடந்து போகும் பந்துதான் சங்கடம். காலுக்கு உயரம் அதிகம், தலைக்குக் குறைவு. மனிதர் ஓடும்போது உடலின் நிறைமையம் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். மார்பு தரையில் படும்போது அது 20 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். அந்த 80 சென்டிமீட்டர் விழுவதற்கு ஈர்ப்பு எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 0.4 வினாடி. வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிவந்தவர் அதற்குள் 2.4 மீட்டர் முன்னேறிவிடுவார். காலை நீட்டினால் எட்டாத பந்து, விழுந்தால் எட்டும். அதுவும் கால் தூக்கும் நேரம், திரும்பும் நேரம் எதுவும் செலவாகாமல்.

அப்புறம் வேகம். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. கிராஸ் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், கோல் கோட்டுக்கு இணையாகக் குறுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீரர் நெற்றியை, பந்து வரும் பக்கத்துக்கும் கோலுக்கும் சரிபாதியாக, 45 பாகையில் திருப்பி வைத்திருக்கிறார். நெற்றியில் பட்ட பந்து, மோதிய வேகத்தில் பாதியோடு துள்ளும் என்பது என் தோராயம். உராய்வையும் சுழற்சியையும் விட்டுவிடுகிறேன். நின்ற இடத்தில் நின்று முட்டினால், பந்து கோலை நோக்கி மணிக்கு சுமார் 40 கிலோமீட்டரில் போகும். பழைய குறுக்கு வேகத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 8 மீட்டர் தள்ளியிருக்கும் கோலுக்குப் போய்ச் சேருவதற்குள் பக்கவாட்டில் இரண்டரை மீட்டருக்கு மேல் விலகியிருக்கும்.

இப்போது அதே நெற்றி, அதே கோணம். ஆனால் தலை கோலை நோக்கி வினாடிக்கு 6 மீட்டரில் பறந்துகொண்டிருக்கிறது. பந்தின் வேகம் மணிக்கு 57 கிலோமீட்டர் ஆகிறது. குறுக்கு வேகம் ஏறக்குறைய முழுதும் அடங்கி, பந்து நேராகக் கோலுக்குப் போகிறது. 8 மீட்டரைக் கடக்க முன்பு 0.7 வினாடி, இப்போது 0.5. அந்த 0.2 வினாடி கோல்கீப்பருக்கு எத்தனை பெரிய நஷ்டம் தெரியுமா? கண்ணில் பட்டதற்கு உடம்பு அசையத் தொடங்குவதற்கே அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும். நின்று முட்டுகிறவரும் தலையைக் கூடுதலாகத் திருப்பித் திசையைச் சரிசெய்யலாம்தான். அதற்கு விலையாக வேகம் குறையும்.

கழுத்தைச் சொடுக்குவதில்தான் ஹெட்டரின் பலம் இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு. நெற்றியும் பந்தும் ஒட்டியிருப்பது ஏறத்தாழ 10 மில்லி வினாடிதான். அதற்குள் எந்தத் தசையும் யோசித்து வேலை செய்யாது. முன்கூட்டியே கழுத்தை இறுக்கி வைத்திருக்க வேண்டும். தளர்ந்த கழுத்து என்றால் பந்து 5 கிலோ தலையோடு மட்டும்தான் மோதுகிறது. தலை பின்னால் போகும், பந்தின் வேகமும் வீணாகும். இறுக்கிய கழுத்து என்றால் மேலுடம்பின் நிறையும் சேர்ந்துகொள்ளும். தரைக்கு இணையாகப் பறக்கிறவருக்கு முதுகெலும்பு தலைக்குப் பின்னால் நீட்டாக அமைந்துவிடுவதால், பந்து தரும் உதையின் பெரும்பங்கு நேராக உடம்புக்குள் போகும்.

குறி தவறுவதற்கும் இடம் தாராளம். பந்தின் ஆரம் 11 சென்டிமீட்டர். நெற்றியும் வளைவானது, அதன் ஆரம் 9 என்று வைப்போம். இரண்டு உருண்டைகள் மோதும்போது தொடும் இடம் 1 சென்டிமீட்டர் மாறினால், பந்து போகும் திசை 5 பாகை அளவுக்கு மாறும். 8 மீட்டர் தொலைவில் அது அரை மீட்டருக்கும் மேல். கம்பத்துக்கு உள்ளே, கம்பத்துக்கு வெளியே என்பதற்கு இது போதும். இதையெல்லாம் காற்றில் மிதக்கும் அந்த 0.4 வினாடிக்குள், கண்ணை மூடாமல் செய்ய வேண்டும்.

டைவிங் ஹெட்டர் எல்லாமே வேகத்துக்காக என்றும் சொல்லிவிட முடியாது. 2014 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ராபின் வான் பெர்சி போட்ட கோலை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். சக வீரர் டேலி பிளிண்ட் பின்னாலிருந்து அனுப்பிய நீளமான பந்து, வான் பெர்சி ஓடும் திசையிலேயே வந்தது. பந்தும் அவரும் ஒரே பக்கம் போவதால் ஒப்பு வேகம் குறைவு, மோதல் மென்மையானது. ஓங்கி அடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கிரிக்கெட்டில் வேகப்பந்தை லெக் கிளான்ஸ் செய்கிற மாதிரி, பந்தின் வேகத்தையே எடுத்துக்கொண்டு திசையை மட்டும் மேலே திருப்பினார். முன்னேறி நின்ற ஸ்பெயின் கோல்கீப்பர் காசியாஸின் தலைக்கு மேலே போய் விழுந்தது. பாக்ஹௌஸ் வகைக் கோலுக்கு இயற்பியலில் இது நேர் எதிர், வெளித்தோற்றம் மட்டும் ஒன்று.

பாக்ஹௌஸின் உலகக் கோப்பை அனுபவம் இதில் கால்வாசி கூட இனிப்பாக இல்லை. 1934-இல் இத்தாலியில் நாக் அவுட் முறை. மிலானில் சுவிட்சர்லாந்திடம் 3-2 என்று தோற்று ஒரே ஆட்டத்தோடு நெதர்லாந்து வீடு திரும்பியது. நெதர்லாந்தில் அப்போது கால்பந்துக்குக் காசு வாங்கக் கூடாது. 1937-இல் அவர் வென்லோ ஊரின் வி.வி.வி. கிளப்புக்கு மாறியபோது பணம் கைமாறுகிறது என்று சந்தேகப்பட்ட டச்சுக் கால்பந்து சங்கம் அவரைத் தடை செய்தது. அவர் பிரான்சின் மெட்ஸ் கிளப்புக்குப் போய் வெளிப்படையாகவே தொழில்முறை வீரர் ஆகிவிட்டார். அடுத்த வருடம் அதே பிரான்சில் உலகக் கோப்பை. லு ஆவ்ரில் நெதர்லாந்து 3-0 என்று செக்கோஸ்லோவாக்கியாவிடம் தோற்றது, 90 நிமிடம் வரை ஒரு கோலும் விழாமல் கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டத்தில். ஆட்டத்துக்கு ஒரு கோல் போடுகிறவரை வெளியே நிறுத்திவிட்டு! தொழில்முறைக் கால்பந்தை நெதர்லாந்து ஏற்றுக்கொண்டது 1954-இல்தான்.

அந்தக் காலத்துப் பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் பந்து, உள்ளே ரப்பர் பை, வாயைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். முடிச்சு நெற்றியில் பட்டால் கிழிக்கும். பழைய பந்து இன்றையதைவிடக் கனமானது என்ற பேச்சு, காய்ந்த பந்துக்குப் பொருந்தாது: 1937 வரை விதிப்படி எடை 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது சுமார் 370 முதல் 425 கிராம். இன்று 410 முதல் 450. மழையில் தோல் நீரைக் குடித்துக் கனப்பதுதான் பிரச்சினை. விதி பார்த்ததோ ஆட்டம் தொடங்கும்போது இருந்த எடையை மட்டும்.

ஆனால் காய்ந்த பந்தும் சாது இல்லை. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களை ஆராய்ந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, மூளை நரம்புகள் சிதையும் நோய்களால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. அதற்குப் பிறகு இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டர் வேண்டாம் என்றார்கள். பெரியவர்களுக்கும் 2021-இல் வரம்பு வந்தது: பயிற்சியில் வாரத்துக்கு 10 பலத்த ஹெட்டருக்கு மேல் கூடாது. 35 மீட்டருக்கு மேல் நீண்ட பாஸ், கார்னர், ஃப்ரீ கிக், கிராஸ் இவற்றை முட்டுவதெல்லாம் அந்தப் பத்துக்குள் அடங்கும். விங்கிலிருந்து வரும் கிராஸைப் பறந்து முட்டப் பழகுகிற இன்றைய இங்கிலாந்து வீரருக்கு, பயிற்சியில் வாரம் பத்து முறைதான் வாய்ப்பு.