பங்குனியிலும் சொட்டும் மலை

பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வாடிப்பட்டி பக்கம் குட்லாடம்பட்டி அருவிக்குப் போனோம். சிறுமலையின் அடிவாரம். 27 மீட்டர் உயரப் பாறையில் தண்ணீர் இறங்கிய தடம் கருப்பாக நீண்டு கிடந்தது; தண்ணீரைத்தான் காணோம். குளிக்கக் கொண்டுபோன துண்டை மச்சான் தலையில் கட்டிக்கொண்டார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார்: "கார்த்திகையில வாங்க தம்பி. இப்ப வந்தா பாறையத்தான் பாக்கணும்."

சரி, வந்ததே வந்தோம் என்று வண்டியை அழகர்மலைக்குத் திருப்பினோம். பழமுதிர்சோலை தாண்டி மேலே ராக்காயி அம்மன் கோயிலில் நூபுர கங்கை ஊற்று வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்று குளித்தோம். அதே வெயில், அதே மாதம், ஒரு மணி நேரத் தொலைவு. அங்கே ஏன் காய்ந்தது, இங்கே ஏன் ஓடுகிறது?

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் மேலே ஓர் ஓட்டை, அடியில் ஓர் ஓட்டை. தொட்டி நிரம்பியிருக்கும்போது இரண்டிலும் தண்ணீர் வரும். மட்டம் இறங்க இறங்க மேல் ஓட்டை முதலில் நின்றுபோகும். கீழ் ஓட்டை கடைசிவரை சொட்டும். மலையும் அப்படித்தான். அருவி என்பது ஓடை பாறை விளிம்பைத் தாண்டும் இடம். மழை நின்று மலைக்குள் இருக்கும் நீர்மட்டம் அந்த ஓடையின் தரைக்குக் கீழே இறங்கிவிட்டால், மலைக்குள் தண்ணீர் மிச்சமிருந்தாலும் விளிம்புக்கு வராது. அருவி மேல் ஓட்டை என்றால், நூபுர கங்கை போன்ற ஊற்று கீழ் ஓட்டை. குட்லாடம்பட்டியில் அன்று பாறையின் அடியில் ஒரு வெடிப்பு மட்டும் ஈரமாகவும், அதைச் சுற்றிப் பெரணி பச்சையாகவும் இருந்தது. மேல் ஓட்டை நின்று கீழ் ஓட்டை மட்டும் கசிந்துகொண்டிருந்தது என்பது என் கணிப்பு.

ஆனால் பாறைக்குள் தண்ணீர் எப்படி நிற்கிறது? மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் பெரும்பகுதி நைஸ், சார்னோகைட் போன்ற உருமாறிய பாறைகள். வயது 50 கோடி ஆண்டுக்கும் மேல். (சார்னோகைட்டுக்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர் அது. சென்னைப் பரங்கிமலையும் இதே பாறைதான்.) இந்தப் பாறையின் ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே குடிக்காது. தண்ணீர் இருப்பது பாறையில் விட்ட வெடிப்புகளிலும், பாறைக்கு மேல் இற்றுப்போய்க் கிடக்கும் அடுக்கிலும்தான்.

அந்த அடுக்கை அழகர்மலைப் பாதையில் கண்ணாலேயே பார்க்கலாம். சாலைக்காக மலையை வெட்டியிருந்த ஓர் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். மேலே ஒரு முழம் கருமண், அதில் தலைமுடி மாதிரி வேர்கள். அதற்குக் கீழே செம்மண் நிறத்தில் ஒன்று. பார்த்தால் பாறை, விரலால் அழுத்தினால் பொடிந்துவிடுகிறது. நடுவில் வெங்காயம் போலத் தோல் உரியும் உருண்டைக் கற்கள். அதற்கும் கீழே கெட்டிப் பாறை. கெட்டியும் பொடியும் சேரும் கோட்டில் பாசி படர்ந்திருந்தது. கை வைத்தால் ஈரம். பங்குனி மத்தியானத்தில்!

பாறையை இப்படிப் பொடியாக்குவதும் தண்ணீர்தான். வேர்களும் மண்ணில் மக்கும் இலைகளும் விடும் கரியமில வாயு மழைநீரில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. சோடாத் தண்ணீரில் இருக்கும் அதே அமிலம். அது பாறையிலுள்ள பெல்ட்ஸ்பார் கனிமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக்குகிறது. களிமண் அங்கேயே தங்கும். கரைந்த உப்புகள் தண்ணீரோடு வரும். ஊற்றுத் தண்ணீருக்குத் தனி ருசி இப்படித்தான் வருகிறது.

பொடிந்த அடுக்கில் இறங்கிய தண்ணீர் கெட்டிப் பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் சரிவைப் பார்த்து நகர்கிறது. வேகம்? ஓடைத் தண்ணீர் ஒரு நொடியில் போகும் தூரத்துக்கு இதற்கு ஒரு நாளோ பல நாட்களோ ஆகும். 1856-இல் பிரான்சின் டிஜோன் நகரத்துக் குடிநீர்ப் பொறியாளர் ஹென்றி தார்சி, மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை விட்டு இதன் கணக்கைக் கண்டுபிடித்தார். இரு முனைகளுக்கும் நீர்மட்ட வித்தியாசம் அதிகமானால் ஓட்டமும் அதே விகிதத்தில் கூடும், குறைந்தால் குறையும். அதனால்தான் ஊற்று சட்டென்று நிற்பதில்லை. நனைந்த போர்வையைக் கொடியில் போட்டால் முதலில் கொட்டும், அப்புறம் சொட்டும், அப்புறம் வெகுநேரத்துக்கு ஒரு சொட்டு. தண்ணீர் குறையக் குறைய தள்ளுவிசையும் குறைவதால் மிச்சத்தை மலை மெதுவாகவே விடுகிறது.

இவ்வளவு தண்ணீர் அங்கே சேருமா என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பார்ப்போம். மதுரை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. ஏறத்தாழ பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை. மலை உச்சியில் நின்றால் கடல் தெரியாது, ஆனால் கடல்தான் மேகமாக வந்து மலையில் ஏறுகிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 25 ஏக்கர் சரிவில் பெய்வதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே இறங்கினாலும் சுமார் 85 லட்சம் லிட்டர். அதை ஆண்டு முழுவதும் பகிர்ந்தால் நிமிடத்துக்கு 16 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஒரு குடம், இரவும் பகலும். வெறும் 25 ஏக்கருக்கே இவ்வளவு.

அந்தப் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்க வேண்டுமே, அங்கேதான் காடு வருகிறது. ஒத்தக்கடை யானைமலையைப் பாருங்கள்: பெரும்பாலும் மொட்டைப் பாறை. மழை விழுந்த கையோடு வழிந்து அடிவாரம் சேர்ந்துவிடும். காட்டில் இலைகள் மழையின் அடியைத் தாங்குகின்றன. கீழே கிடக்கும் சருகு தண்ணீரின் ஓட்டத்தைத் தடுக்கிறது. செத்த வேர் மக்கிய துளைகளும் கரையான் போட்ட வழிகளும் அதை உள்ளே இழுக்கின்றன. மரம் மழையைக் கொண்டுவரும் என்று மேடையில் பேசுவதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மரமும் தண்ணீர் குடிக்கிற உயிர்தான். மலைக்குள் சேர்ந்ததில் ஒரு பங்கை அதுவே காலி செய்துவிடும். அது செய்யும் பெரிய உதவி மண்ணைத் திறந்து வைப்பது.

இன்னொரு விஷயம். ஐப்பசியில் பலத்த மழை பெய்த மறுநாள் ஊற்று பெருகினால், வருவது நேற்றுப் பெய்த மழை என்று நினைப்போம். பெரும்பாலும் இல்லை. டவுன் பஸ்ஸில் பின்படியில் நாலு பேர் ஏறினால் முன்படியில் நிற்பவர் வெளியே தள்ளப்படுவார் இல்லையா? புதுத் தண்ணீர் மேலே அழுத்த, பழைய தண்ணீர் கீழே வெளியேறுகிறது. வயதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் உலக மழைநீர் முழுவதிலும் டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கூடியது. அது 12.3 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். மிச்ச அளவைப் பார்த்து, தண்ணீர் எப்போது மண்ணுக்குள் இறங்கியது என்று மதிப்பிடுகிறார்கள்.

அன்று தலையில் விழுந்த தண்ணீர் சில்லென்று இருந்தது. மார்கழி விடியலில் குளித்தால் அதே தண்ணீர் வெதுவெதுப்பாகத் தோன்றும். சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே கோடையும் குளிரும் அவ்வளவாக எட்டுவதில்லை. தண்ணீர் ஆண்டின் சராசரி வெப்பத்திலேயே வெளிவருகிறது. மாறுவது நம் தோலைச் சுற்றியிருக்கும் காற்று. அழகருக்குத் திருமஞ்சனமும் இந்தத் தண்ணீரில்தான். ஐப்பசித் தைலக்காப்பு அன்று அவரே மலையேறி வந்து நீராடுகிறார். கீழே கோயிலில் தடித்த தோசை ஒன்று வாங்கி நாலாகப் பிய்த்தோம். மச்சானின் துண்டு இப்போதுதான் நனைந்திருந்தது.